கொட்டாஞ்சேனை வீட்டில் எடுத்த படம்

பழைய லென்ஸ் ஒன்றை வாங்குவதற்காகக் கொழும்பு போகிறேன் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "யாராவது கேட்டா சொந்தக்காரங்க கல்யாணம்னு சொல்லிக்கோ, மரியாதையா இருக்கும்" என்றார் என் கணவர். அவருக்கு என்னிடம் இருக்கிற லென்ஸ்கள் எல்லாம் ஒன்றுதான். பீரோவில் புடவை வைக்கிற இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கனமான உருளைகள்.

திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. படம் எடுப்பது பொழுதுபோக்கு. புது லென்ஸ் விற்கிற விலைக்கு ஸ்கூட்டர் வாங்கிவிடலாம் என்பதால் என்னைப் போன்றவர்கள் ஃபிலிம் காலத்து லென்ஸ்களைத் தேடிப் பிடித்து, நடுவில் ஒரு இணைப்பு வளையத்தைப் போட்டு, டிஜிட்டல் கேமராவில் மாட்டிக்கொள்கிறோம். ஃபோகஸ் வளையத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஆட்டோமேட்டிக் எதுவும் கிடையாது. அந்த வளையத்தைத் திருப்புவதில் இருக்கிற சுகத்தை, திருப்பாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. யூஜின் அண்ணாவை அதில்தான் தெரியும். கொழும்புத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மெல்பர்னில் இருக்கிற மகனோடு போய்ச் சேர்ந்துவிடப் போகிறார். அதனால் லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் கைமாற்றிக்கொண்டிருந்தார். அவற்றில் ஜப்பான்காரன் செய்த ஒரு ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ், நான் வருடக்கணக்காகக் கண்வைத்திருந்தது. கூரியரில் அனுப்பச் சொன்னேன். "பிள்ளையை ஆராவது தபாலில போடுவாங்களா தங்கச்சி? வந்து கையில வாங்கிக்கொண்டு போங்க" என்று குரல் செய்தி அனுப்பினார். கல்லூரி விடுமுறையும் வந்தது. கிளம்பிவிட்டேன்.

வெள்ளவத்தையில் தங்கினேன். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற சந்து ஒன்றில் விடுதி. கடைப் பலகையெல்லாம் தமிழ், நடைபாதையில் போகிறவர்கள் பேச்செல்லாம் தமிழ், ஆனாலும் வாயைத் திறந்த மாத்திரத்தில் என்னை இந்தியா என்று கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டுக் கடையில் "கொஞ்சம் தண்ணி தர்றீங்களா" என்றேன். பரிமாறியவர் சிரித்துக்கொண்டே, "இந்தியாவில எந்த இடம்?" என்றார்.

இடியப்பமும் சொதியும் சம்பலும் வந்தன. எங்கள் ஊரில் இடியப்பம் என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கொடுப்பதுபோலக் கொடுப்பார்கள். இங்கே அதையே மஞ்சள் சொதியில் ஊறவிட்டு, காரச் சம்பலோடு பிசைந்து, வேர்க்க விறுவிறுக்கச் சாப்பிடுகிறார்கள். இத்தனை நாள் இடியப்பத்தை ஏமாற்றியிருக்கிறோம் என்று தோன்றியது. இரண்டாவது தட்டு வாங்கினேன். கேட்காமலே பிளேன்டீயும் வந்தது.

சாயங்காலம் கடலோர ரயிலில் கோட்டை வரை போய்வரலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல். அலையின் சாரல் பிளாட்பாரத்தில் விழுகிறது. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்து நின்ற ரயிலில் ஏறிவிட்டேன். பக்கத்தில் அலுவலகம் முடிந்து போகிற ஒரு சிங்களப் பெண், கையில் டிபன்பாக்ஸ் பையோடு நின்றிருந்தார். என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டு எங்கே போகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோட்டை என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பெட்டியே சிரித்தது. "கோட்டை பின்னால் போய்க்கொண்டிருக்கிறது" என்று ஒரு பெரியவர் ஆங்கிலத்தில் விளக்கினார். நான் தெற்கே போய்க்கொண்டிருந்தேன். கல்கிசையில் இறங்கி எதிர் பிளாட்பாரத்தில் நின்றபோது அந்தப் பெண் ஜன்னலிலிருந்து கையாட்டினார். நான் இறங்குவதற்கு முன்பே காகிதச் சுருளில் இருந்த கடலையில் பாதியை என் கையில் கொட்டியிருந்தார்.

மறுநாள் காலை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். புறக்கோட்டை நெரிசலில் பஸ் நகர்ந்ததைவிட மூட்டை சுமந்த நாட்டாமைகள் வேகமாக நகர்ந்தார்கள். அங்கே சுமைகூலிகளுக்கு அந்தப் பேர். யூஜின் அண்ணா கோயில் வாசலில் காத்திருந்தார். அங்கே கோயில் என்றால் மாதா கோயில். குள்ளமான மனிதர், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் லென்ஸ் துடைக்கிற தூரிகை. குழுவில் அவர் குரலை மட்டும் கேட்டு உயரமான ஆளாகக் கற்பனை செய்திருந்தேன். "என்ன, ஏமாந்திட்டீங்களா?" என்றார். முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும் போல, எனக்கு.

வீடு ஒரு ஒழுங்கைக்குள். ஒழுங்கை என்றால் நம்மூர்ச் சந்து. அவருடைய அப்பா காலத்து வாடகை வீடு. வீட்டுக்காரர் அந்த வரிசை முழுவதையும் மாடிக் குடியிருப்பு கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வாரக் கடைசிக்குள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளில் அதற்குள் கதவு, ஜன்னல்களைக் கழற்றியிருந்தார்கள்.

லென்ஸ்கள் ஒரு சின்ன அலுமாரிக்குள் இருந்தன. உள்ளே ஒரு குமிழ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "கடல் காத்து. விளக்கு அணைஞ்சால் கண்ணாடிக்குள்ள பூஞ்சணம் வந்திரும். கறண்ட் போனால் எனக்கு நித்திரையும் போயிரும்" என்றார். என் லென்ஸை எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். ஒரு தூசி இல்லை. வளையத்தைத் திருப்பினேன். வெல்லப்பாகில் கரண்டியை விட்டுத் திருப்புவதுபோல வழுக்கியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விற்ற பசுமாட்டை வாங்கியவர் வீட்டில் கட்டிவிட்டு வருகிறவர்களுக்கு இருக்கிற முகம் அவருக்கு.

அப்போதுதான் முன் ஹாலில் இருந்த பிலோ அக்காவைப் பார்த்தேன். பிலோமினா, அவருடைய மூத்த சகோதரி. எழுபதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே ஹாலில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு, அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு முதல் நற்கருணை வாங்கும்போது போடுகிற புதுநன்மைச் சட்டையும் மணப்பெண்களுக்கு வெள்ளை கவுனும் தைத்துத் தம்பியைப் படிக்கவைத்தவர். சில வருடங்களாக ஞாபகம் நழுவுகிறது. ஆனால் கண் நழுவவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கட பிளவுஸ் தோள்பட்டை இறங்கிக் கிடக்கு. ஆர் தைச்சது?" என்றார். திருச்சியில் நான் பெரிதாக நம்புகிற டெய்லர் தைத்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அதையே கேட்டார். மறுபடியும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். மூன்றாவது தடவை டெய்லரை நானே திட்டினேன். அக்காவுக்குத் திருப்தி.

மத்தியானம் யூஜின் அண்ணாவே சமைத்த மீன்குழம்பு, பருப்பு, பொரித்த மிளகாய். சாப்பிட்டதும் அக்கா கதிரையிலேயே கண்ணயர்ந்தார். அண்ணா குரலைத் தணித்து விஷயத்தைச் சொன்னார். அக்காவை மெல்பர்னுக்கு அழைத்துப் போக விசா கிடைக்கவில்லை. வத்தளையில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லத்தில் சேர்க்கப்போகிறார். கட்டிலும் ஒரு சின்ன லாக்கரும்தான் தருவார்கள். மெஷினையோ அலுமாரியையோ கொண்டுபோக முடியாது.

"இவவுக்கு நித்திரையால எழும்பினால் எங்க இருக்கிறன் எண்டு தெரியாது தங்கச்சி. பயந்திருவா. இந்த ஹோலைப் பார்த்தால்தான் அடங்குவா. அதுக்குத்தான் அந்த இல்லத்து மதர் சொன்னவ, வீட்டைப் பெருசா ஒரு படம் எடுத்துக் கட்டிலுக்கு எதிர்ல மாட்டுங்க, எழும்பக்குள்ள கண்ணில படட்டும் எண்டு. என்ட ஃபோனில எடுத்தால் பெருசாக்கக்குள்ள புள்ளி புள்ளியா வருது. கமராவையும் வித்துப்போட்டன். நீங்கதான் எடுத்துத் தரோணும். இந்த லென்ஸால. இந்த வீட்டில இது எடுக்கிற கடைசிப் படம்."

அவர் சொல்லி முடிப்பதற்கும் அக்கா விழிப்பதற்கும் சரியாக இருந்தது. திடுக்கிட்டுக் கதிரையின் கையைப் பற்றிக்கொண்டார். கண் அலைந்தது. ஜன்னலைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். நீலம் அடித்த அலுமாரி, கண்ணாடிக் குவளைகள் வைத்த ஷோகேஸ், கடைசியாகச் சுவரில் சிவப்பு விளக்கு எரிகிற திரு இருதய ஆண்டவர் படம். அங்கே போய் நின்றதும் பிடி தளர்ந்தது. "வீட்டிலதான் இருக்கிறன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இதை நான் என் கண்ணால் பார்த்தேன். அண்ணா சொன்னதையும் காதால் கேட்டேன். எல்லாம் புரிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

லென்ஸில் துளை ஒன்று உண்டு. அதைச் சுருக்கி வைத்துப் படமெடுத்தால் கிட்டே இருப்பது, தூரத்தில் இருப்பது எல்லாம் தெளிவாக விழும். முழுக்கத் திறந்து வைத்தால் ஃபோகஸ் பட்ட இடம் மட்டும் தெளிவாக இருக்கும். மற்றதெல்லாம் கரைந்து நிறங்களாகிவிடும். அந்தக் கரைசலுக்காகத்தான் எங்கள் குழுவில் உயிரை விடுவார்கள். நல்ல கரைசலுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் வெண்ணெய். இந்த லென்ஸின் துளை மிகப் பெரியது, அதனால்தான் அதற்கு அவ்வளவு பேர். இதை வாங்கிவிட்டுத் துளையைச் சுருக்கிப் படமெடுப்பது பிரியாணிக் கடையில் தயிர்சாதம் கேட்பது மாதிரி. எனக்கு அது தோன்றவே இல்லை. கை தானாகவே துளை வளையத்தை முழுக்கத் திறந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தது.

வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வந்தது. அக்காவை மெஷினுக்கு முன்னால் கதிரையில் உட்காரவைத்தேன். அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "பல்லுத் தெரியச் சிரிக்கட்டா?" என்றார். நிறைய எடுத்தேன். கண்மணிகளில் ஜன்னல் சின்னதாகத் தெரிந்தது. பின்னால் அலுமாரி நீலமாகக் கரைந்து, ஆண்டவரின் விளக்கு சிவந்த வட்டமாகப் பெருத்து நின்றது. எனக்குப் புல்லரித்துப்போனது.

யூஜின் அண்ணா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமராத் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "ஐயோ தங்கச்சி! வெண்ணெய்! அசல் வெண்ணெய்!" என்றார். கண் கலங்கியிருந்தது. நாங்கள் இருவரும் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பெரிதாக்கி, அதன் விளிம்பு எவ்வளவு மிருதுவாக இருக்கிறது என்று பேசினோம். அக்கா எங்களுக்கு டீ போடவேண்டும் என்று எழுந்து, குசினி வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றார்.

அன்றிரவே ஒரு படத்தைக் குழுவில் போட்டேன். காலையில் விழித்துப் பார்த்தால் இதயங்கள் குவிந்து கிடக்கின்றன. சாதாரணமாக எதையும் பாராட்டாத கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "இந்த லென்ஸ் இதற்காகவே பிறந்தது" என்று எழுதியிருந்தார். அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

பிரிண்ட் போட மருதானைக்குப் போனேன். ஆட்டோக்காரர் மீட்டர் போட்டார். திருச்சியிலிருந்து போனவளுக்கு அதுவே ஒரு காட்சி. ஆனால் ஸ்டேஷன் ரோட்டில் ஒருவழிப்பாதை என்று மூன்று சுற்றுச் சுற்றி, கடைசியில் முதலில் தாண்டிப்போன இடத்திலேயே இறக்கிவிட்டார். ஸ்டூடியோ வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். வந்தவர்கள் எல்லோரும் நானா என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். பாஸ்போர்ட் படங்களுக்கு நடுவே என் படத்தைக் கணினியில் திறந்தவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மூஞ்சி நல்லா வந்தீக்கிது மிஸ். பின்னுக்குத்தான் ஒண்டும் வெளங்கல்லயே."

"அது அப்படித்தான் இருக்கணும் நானா."

"அப்புடியா? எங்கள்ட்ட நல்ல சீனரி ஈக்கிது. வோட்டர்ஃபோல் ஈக்கிது, ரோஸ் கார்டன் ஈக்கிது. ஒண்டப் போட்டுத் தரட்டா? சல்லி வாணாம், சும்மாவே செஞ்சு தாறன்."

பிலோ அக்காவுக்குப் பின்னால் நீர்வீழ்ச்சி! சிரிப்பை அடக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்ததும் முதல் வேலையாகக் குழுவில் அந்தக் கதையைப் போட்டேன். நாள் பூராவும் எல்லோரும் நீர்வீழ்ச்சியை வைத்து ஓட்டினார்கள். பாவம், நானா வட்டிலப்பம் வாங்கிவந்து கொடுத்தார், பெரிய பிரிண்டைச் சட்டம் போட்டு நூல்கட்டிக் கொடுத்தார். அவரைக் கேலி செய்ததை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த நாள் யூஜின் அண்ணா போனில் கூப்பிட்டார். அக்காவை வத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். வீட்டுச் சாமானை எடுக்கப் புறக்கோட்டையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மெஷினை ஒருவர் கேட்டிருக்கிறார். "வாறீங்களா, சும்மா துணைக்கு?" என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. பிரிண்ட் வர இன்னும் ஒரு நாளாகும், வந்ததும் நேரே வத்தளைக்கு வந்துவிடுகிறேன் அண்ணா என்றேன். அவரும் சரி என்றார்.

மழை விட்டதும் லென்ஸை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக் கடலோரம் போய், தண்டவாளத்துக் கல்லில் நின்ற தண்ணீர்த் துளிகளைப் படம் எடுத்தேன். சாயங்காலம் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். இரும்புத் தட்டில் அடிக்கிற சத்தத்துக்கு எங்களூர்ப் பரோட்டாக் கடை தோற்றுப்போகும். அந்த நேரத்தில் கொட்டாஞ்சேனையில் மெஷின் இன்னும் அதே இடத்தில் இருந்திருக்கும். நான் போயிருக்கலாம். கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது.

வத்தளை இல்லம் சுத்தமான இடம். முற்றத்தில் மாதா சொரூபம், செம்பருத்திச் செடிகள், தலையணை உறைகள் காய்கிற கொடி. அக்காவுக்குக் கொடுத்திருந்த அறை வெள்ளைச் சுவர்களோடு இருந்தது. கட்டிலுக்கு எதிரே ஆணி அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். மதர் என்று எல்லோரும் கூப்பிட்ட மூத்த கன்னியாஸ்திரி என்னிடம் சொன்னார், "நேற்று முழுக்க கேட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. வீட்ட போகோணும், வீட்ட போகோணும் எண்டு. சாப்பிடவும் இல்ல. நல்லகாலம், நீங்க படத்தோட வந்திட்டீங்க."

அக்கா கட்டிலில் படுத்திருந்தார். ஒரு நாளில் ஆள் சுருங்கியிருந்தார். யூஜின் அண்ணா ஸ்டூலில் ஏறிப் படத்தை மாட்டினார். நான் எட்ட நின்று கோணல் இல்லாமல் பார்த்துச் சொன்னேன். அவ்வளவு பெரிய அளவில் அந்தப் படம் பிரமாதமாக இருந்தது. அறைக்கு வந்த இரண்டு சிஸ்டர்களும் "எவ்வளவு வடிவு!" என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"அக்கா, இஞ்ச பாருங்க. என்ன கொண்டுவந்திருக்கிறம் எண்டு பாருங்க."

அக்கா எழுந்து உட்கார்ந்து பார்த்தார். விருந்தாளி வீட்டில் காட்டுகிற ஆல்பத்தைப் பார்க்கிற மரியாதையோடு பார்த்தார். "நல்ல படம்" என்றார். பிறகு, "ஆர் இந்தக் கிழவி?"

"நீங்கதான் அக்கா."

"உனக்கென்ன விசரா? நான் இவ்வளவு கிழவியே?" சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அண்ணா படத்துக்குக் கிட்டே போனார். "சரி, ஆளை விடுங்க. இது எங்கட ஹோல். பாருங்க அக்கா, இது..." என்று விரலை நீட்டினார். விரல் அந்தரத்தில் நின்றது. கறுப்பாக ஏதோ கசிந்த மாதிரி இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். "இது உங்கட மெஷின்." நீலத்துக்கு நகர்ந்தார். "இது அலுமாரி." சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தார். "இது ஆண்டவர்."

அக்கா விரலைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணைச் சுருக்கினார். கட்டிலிலிருந்து இறங்கிப் படத்தின் பக்கத்தில் போய் நின்று, தன் விரலாலும் அந்தச் சிவப்பைத் தொட்டார்.

"எங்க?" என்றார்.

அக்கா திரும்பிச் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அன்றைக்கு ஹாலில் நான் பார்த்த அதே அலைச்சல். ஆனால் கண் போய் நிற்க இங்கே எந்த இடமும் இல்லை. "தம்பி, பொழுது படுது. எங்கட வீட்ட போவம்" என்றார். மதர் வந்து தோளை அணைத்துக்கொண்டார். அக்கா அவர் கையைத் தள்ளிவிட்டுத் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். சட்டையை விடுவிக்க நெடுநேரம் ஆயிற்று.

இருவரும் வெளியே விறாந்தையில் வந்து உட்கார்ந்தோம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிச்சிருங்கண்ணா என்றேன். "நானும் பார்த்தனான்தானே" என்றார். திட்டியிருந்தால் தேவலை. மெஷின் போய்விட்டது. அலுமாரி போய்விட்டது. சாவியைக் கொடுத்துவிட்டார். ஆண்டவர் படத்தை ஒரு மச்சாள் வீட்டில் விட்டிருந்தார், அதை நாளைக்குக் கொண்டுவந்து மாட்டுகிறேன் என்றார். ஆனால் அதுமட்டும் வீடாகிவிடாது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"பழைய ஆல்பம் ஏதாவது?" என்றேன்.

"ஆல்பம் எல்லாம் எண்பத்து மூண்டு கலவரத்தோட போச்சு தங்கச்சி."

பிறகு சட்டென்று பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். "பொறுங்க. நான் எடுத்தது இருக்கே. லென்ஸ் வாங்குற நேரமெல்லாம் அந்த ஹோலிலதான் எடுத்துப் பார்ப்பன். அக்காதான் ஆடாமல் இருப்பா." அவர் குரலில் வந்த தெம்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வருடவாரியாக அடுக்கி வைத்திருந்தார். ரஷ்ய லென்ஸ், ஜெர்மன் லென்ஸ், பெயர் தெரியாத லென்ஸ். முடி நரைக்காத பிலோ அக்கா. ஊசியில் நூல் கோக்கிற பிலோ அக்கா. மடியில் பூனை. கையில் கோப்பை. வாயில் குண்டூசி. ஒவ்வொன்றும் அருமையான படம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே நீலம், அதே சிவப்பு, அதே கறுப்புக் கசிவு. "இதில இருக்கும்" என்று அடுத்ததைத் திறப்பார். "இதில இருக்கும்." சில படங்களில் சிவப்பு பெரிதாக இருந்தது, சிலவற்றில் சிறிதாக. மெஷினின் ஒரு காலைக்கூட எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த மனிதர் அந்த ஹாலை ஆயிரம் தடவை படம் எடுத்திருக்கிறார். ஆயிரம் தடவையும் கரைத்திருக்கிறார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. "அண்ணா, ஃபோகஸ் தப்பினது ஏதாவது இருக்குமே? அக்கா கலங்கிப்போய், பின்னால சுவர் தெளிவா விழுந்த படம்? எல்லாருக்கும் தப்புமே?"

அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "அதுகளை ஆர் வச்சிருப்பாங்க? அண்டண்டைக்கே அழிச்சுப் போடுவன்."

உள்ளே அக்கா மறுபடி ஏதோ கேட்கிற சத்தம் வந்தது. அண்ணா கணினியை மெதுவாக மூடினார். பிறகு என் கேமராவைப் பார்த்தார்.

"உங்கட கார்டில பாருங்க தங்கச்சி. அண்டைக்கு எவ்வளவு எடுத்தீங்க? ஒண்டாவது தவறியிருக்காதா?"

கேமராவை எடுத்து, முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அவரும் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். கடைசிப் படம் வரை போனேன். எல்லாவற்றிலும் அக்காவின் கண்ணிமை முடியை எண்ணிவிடலாம். அன்றைக்கு என் கை ஒரு படத்தில்கூடத் தவறவில்லை.